ஏலக்காய் லோடில் வந்த அண்ணன்

ஊரடங்கில் போடிமெட்டுப் பாதையை அடைத்திருந்த சமயம், மலைமேல் ஏலத்தோட்டத்தில் என் அண்ணன் செத்துப்போனான். நெஞ்சுவலி. கூடவே வேலை பார்த்த தங்கச்சி எனக்குத் தெரியாதா? கங்காணி மட்டும், "கொரோனாவா இருக்கும், இங்கனயே குழி வெட்டிப் பொதைச்சிருங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளையே குழிக்குள் தள்ளியிருப்பேன்.

பிணத்தைக் கீழே கொண்டுபோகத் தடை. அடிவாரத்தில் எங்கள் ஊர் சிலமலையில் ஆத்தா காத்திருந்தாள். மகன் செத்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு மேலுக்குச் சரியில்லை, கூட்டிவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த நேரம் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி.

சரக்கு வண்டிகளை மட்டும் விட்டார்கள். அண்ணனின் கூட்டாளி தன் ஜீப்பில் ஏலக்காய் லோடு ஏற்றினார். மூட்டைகளுக்கு நடுவே அவனைப் போர்வையில் சுற்றிப் படுக்கவைத்தோம். அவன் சட்டைப்பையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி ரோடே தெரியவில்லை. வழக்கமாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்து வரும் ஜீப்பு ஒன்றுகூட இல்லை. வளைவுக்கு வளைவு பின்னால் மூட்டைகள் சரிந்தன. அவன் புரண்டு படுக்கிறான் என்றே எனக்குத் தோன்றியது.

"மெதுவாப் போங்கண்ணே, அவனுக்கு இடிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கூட்டாளி வேகத்தைக் குறைத்தார்.

சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து போன் அடித்தது. அண்ணனின் பட்டன் போன். அடித்துக்கொண்டே இருந்தது.

"உள்ள யாரு?" என்று லத்தியால் அந்த இடத்தை அழுத்தினார். சத்தம் நின்றது. ஆத்தா வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "எங்கண்ணன் சார். செத்துட்டான். ஆத்தா ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கிரட்டும், விட்ருங்க சார்" என்று கத்தினேன்.

அவர் பனிக்குள் இரண்டு பக்கமும் பார்த்தார். குறுக்குக் கம்பை அவரே தூக்கினார். "வெரசாப் போங்க. நான் எதையும் பாக்கல."

நாங்கள் செய்ததுதான் நியாயம் என்று இன்றைக்கு ஊரே சொல்கிறது. அன்றைக்கு மாட்டியிருந்தால் ஜெயில்தான்.

சிலமலைக்குள் நுழையும்வரை ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவளோ தலைவிரிகோலமாகத் தெருவில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. ஜீப்புக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்தாள்.

"போனை எடுத்துட்டான்னு சந்தோசப்பட்டேன்டி. நீ போலீசுகிட்டச் சொன்னதுதான் கேட்டுச்சு."