வியாழக்கிழமை ரிங் கட்

நல்லையா என் சின்னம்மா அழகம்மாவின் கடைசிப் பிள்ளை. கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டினான். பெண்சாதி போய்ச் சேர்ந்தபின் அவனுக்கென்று இருந்தது மகள் கிருஷ்ணகுமாரி மட்டும். அவளும் இரண்டாயிரத்து ஏழில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

போகுமுன் அப்பனை டவுனுக்குக் கூட்டிப்போய், றிஸாத்தின் கடையில் பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். றிஸாத் அவளைப் பேசவைத்து, அந்தக் குரலையே ரிங்டோனாகப் போட்டுக் கொடுத்தான். யார் அழைத்தாலும் போன், "அப்பா, நான்தான். சாப்பிட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். அவளைத் தவிர வேறு யார் அழைக்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை பின்னேரம் ரிங் கட் கொடுப்பாள். ஒரு தடவை அடித்து நின்றால் சுகமாயிருக்கிறாள் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, எடுத்தால் அவள் காசு போகும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தோட்டத்து லயத்து ஆட்களுக்கெல்லாம் இதுதான் வழக்கம்.

நல்லையா பொத்தானைத் தொடாமலே, "சாப்பிட்டேன்மா" என்பான். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் சசி, "என்ன கறின்னும் சொல்லுங்க மாமா, அது கேக்குதுல்ல" என்று சீண்டுவாள். அவனும் கறியைச் சொல்வான்.

ஒரு வியாழக்கிழமை அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மகளுக்கு இன்றைக்கு ஆசை கூடிப்போனது என்று நினைத்து, கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நின்றது. மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

அடுத்த வியாழன் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. ஒரு மாதம் கழித்து, அவளோடு அங்கே வேலை செய்த ஷாமிளா லீவில் வந்தாள்.

"அவளை வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க மாமா. அங்க போன் வச்சிக்க விடமாட்டாங்களாம். சொல்லிட்டுப் போகத்தான் அன்னிக்கு விடாம போன் அடிச்சா. அப்பா எடுக்கலையேன்னு அழுதுக்கிட்டே போனா."

புது வீடு எங்கே என்று ஷாமிளாவுக்கும் தெரியாது.

இரண்டு வருஷமாகிறது. போன தீபாவளிக்கு நான் றக்வானையிலிருந்து பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "அப்பா" என்ற சொல் முடியுமுன் பாய்ந்து பொத்தானை அமத்தினான். யாரோ சிங்கள ஆள் நம்பர் மாறி அழைத்திருந்தார். அவனும் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தான்.

"கொஞ்சம் அடிக்க விடேன்டா. புள்ள குரலையாவது முழுசா கேக்கலாம்ல?" என்றேன்.

"அன்னிக்கு கேட்டுக்கிட்டே இருந்துதானேக்கா விட்டேன்" என்றான்.