முழுத் தீர்வை கட்ட மறுத்த அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்காக அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி அண்ணன் சொன்னார். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம்தான் இருந்தது. அதையே எழுதுகிறேன்.

அம்மா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பாவை மணந்து மாத்தளை அலுவிகாரைக்கு வந்தார். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா காலமானார். அப்பாவின் மிளகுக் கடையை மூடிவிடச் சொன்ன உறவினர்களும் இதை வாசிப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா மூடவில்லை. யட்டவத்த விவசாயிகளிடம் மிளகு வாங்கி, காயவைத்து, கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவர் மூலம் இந்தியாவுக்கு அனுப்பினார். சலித்ததையே மறுபடி சலிப்பார். ஒரு காம்பு கண்ணில் பட்டாலும் மூட்டையைத் தைக்க விடமாட்டார். அந்தச் சுத்தமே ஒருநாள் வினையாக வந்தது.

இந்தியா தன் விவசாயிகளைக் காக்க வெளிநாட்டு மிளகுக்கு அதிக இறக்குமதித் தீர்வை வைத்திருக்கிறது. இலங்கையில் விளைந்ததற்கு உடன்படிக்கைப்படி சலுகை உண்டு. அதனால் தூர நாட்டு மலிவு மிளகை இங்கே இறக்கி, இலங்கைப் பெயரில் அங்கே அனுப்புகிறவர்கள் கிளம்பினார்கள். இதோடு குவிப்புக்கு எதிரான தீர்வை என்றும் ஒன்று உண்டு. கடைக்கு வரும் விவசாயிகளுக்கு அம்மாதான் அதை விளக்குவார். சாதாரணத் தீர்வை வெளியிலிருந்து வரும் சரக்குக்கெல்லாம் உள்ளது. இதுவோ, ஒரு வெளிநாட்டு வியாபாரி தன் நாட்டில் விற்பதைவிடக் குறைத்து மாத்தளைச் சந்தையில் கொட்டி நம் கடைகளை மூட வைத்தால், அவர் குறைத்த தொகையை அவர் தலையிலேயே தீர்வையாக ஏற்றுவது. பெயர் மாற்றி அனுப்புகிறவர்கள் தப்பப் பார்ப்பது இந்த மாதிரித் தீர்வைகளிலிருந்துதான். மாட்டிக்கொள்வது நம்மைப் போன்றவர்கள்.

அம்மாவின் பொதியை இந்தியத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். இலங்கை மிளகு இவ்வளவு சீராக இருக்காது, இது வேறு நாட்டில் இயந்திரத்தில் சுத்தம் செய்தது என்று சந்தேகம். ஏற்றுமதியாளர் கடைக்கே வந்துவிட்டார். சலுகை வேண்டாம் என்று முழுத் தீர்வையையும் கட்டினால் கேள்வியில்லாமல் எடுக்கலாம், அதை அங்கே வாங்குகிறவர்கள் நம் விலையில் கழித்துக்கொள்வார்கள் என்றார். இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை மிளகு அங்கேயே கிடக்கும். பூஞ்சணம் பிடித்தால் கடையே போய்விடும். நானும் அண்ணனும் கட்டச் சொன்னோம்.

“கட்டினா, இது நம்ம மிளகு இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் யட்டவத்த மிளகு எந்தப் பேருல போகும்? நான் கட்ட மாட்டேன்.”

அன்று அம்மாவோடு சண்டை போட்டேன். அவருக்கு அப்போதே நெஞ்சுவலி இருந்தது. அதன் பிறகு போன் அடித்தாலே வீட்டில் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வருவோம். இங்கே மழை இருட்டினால், அங்கேயும் பெய்கிறதா என்று ஏற்றுமதியாளரைக் கேட்பேன். அம்மா மட்டும் வழக்கம்போல் கடையைத் திறந்தார். சாப்பாடுதான் குறைந்துகொண்டே போனது.

இந்தியா கேட்டதன்பேரில் இங்குள்ள அதிகாரிகள் விசாரிக்க வந்த அன்று, யட்டவத்த விவசாயிகள் தாங்களாகவே பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்றார்கள். எந்தக் கொடியில் பறித்தது என்று சொன்னதோடு விடாமல், அதிகாரிகளைத் தங்கள் தோட்டங்களுக்கே கூட்டிப் போனார்கள். அதன் பின்னும் காத்திருந்தோம். ஒருவழியாகப் பொதி சலுகைத் தீர்வையில் விடுபட்டது. அதற்குள் விலை இறங்கிவிட்டதால் லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த தடவை கொஞ்சம் காம்பை விட்டு வையுங்கள் அக்கா, பார்த்ததும் நம்புவார்கள் என்றார் ஏற்றுமதியாளர்.

“சுத்தமா அனுப்புறது குத்தமா தம்பி? நிறுத்தினா நிறுத்தட்டும்” என்றார் அம்மா.

அடுத்த போகத்து மிளகைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கோயிலுக்குப் போய் வந்து படுத்தவரை மாரடைப்பு கொண்டுபோனது. அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கொன்றது என்று பல நாள் அழுதிருக்கிறேன்.

அன்று ஓடி வந்து தூக்கிய அயலவர்களுக்கும், கருமாதிவரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட சொந்தங்களுக்கும் நன்றி. இந்த ஆண்டும் எங்களை நம்பி மிளகு கொண்டு வந்த யட்டவத்த விவசாயிகளைக் கைகூப்பி வணங்குகிறோம். அம்மா சலித்த மாதிரியே சலித்து அனுப்பினோம். அந்தப் பொதியையும் இப்போது துறைமுகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். முழுத் தீர்வையையும் கட்டி எடுத்துவிடலாமா என்று நேற்று ஏற்றுமதியாளரிடமிருந்து போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.