நடுத்துண்டு

எங்கள் வீட்டு ஓவன் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் போட மட்டும் திறக்கிற சாமான். மற்ற மாதங்களில் பழைய தட்டங்களும் பொலித்தீன் பைகளும்தான் அதற்குள் குடியிருக்கும். போன வருடம் அவற்றையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அதற்குள் ஒரு விளைமீனை வைத்தேன். கேக் ஓவனுக்குள் மீனா என்று மச்சாள் கத்தினார். மச்சாள் என் கணவரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார்.

கத்தட்டும். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து வந்தவள் நான். எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் உப்பையும் நிறுத்தாவிட்டால் அடுத்த முறை தப்புவது கஷ்டம் என்று கிளினிக் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குச் சாக விருப்பமில்லை. ஐம்பத்தாறு வயதில் இது ஒன்றும் பேராசை இல்லை.

மீனுக்குச் செய்தது பெரிய வேலையல்ல. செதில் எடுத்து, குடல் நீக்கி, இரண்டு பக்கமும் மூன்று கீறல். தேசிக்காய்ப் புளி, மஞ்சள், இடித்த உள்ளிப் பல்லு, மிளகுதூள், உப்பு ஒரு சிட்டிகை. கீறலுக்குள் படத் தேய்த்து ஊறவிட்டேன். தட்டத்தில் வெங்காயமும் தக்காளியும் வட்டமாக வெட்டிப் பரப்பி, கறிவேப்பிலை போட்டு, அதன் மேல் மீனைக் கிடத்தினேன். எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் தோல் சிவந்து, கரண்டி பட்டதும் சதை பூப்போல உதிர்ந்தது. என் வீட்டுக்காரருக்கும் மச்சாளுக்கும் வழக்கம்போல தேங்காய் முதற்பால் விட்ட மீன்குழம்பு தனியாக வைத்திருந்தேன்.

இனி என் முட்டாள்தனம். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் மீன் பங்கிட ஒரு முறை இருக்கிறது. நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, அடுத்தது பெரியவர்களுக்கு, வால் சமைத்தவளுக்கு. எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அவள் குழம்புச் சட்டிக்குள் சோற்றைப் போட்டு, பிரட்டித் துடைத்துச் சாப்பிடுவாள். அதுதான் ருசி என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். அன்றைக்கும் மீனை மேசையில் வைத்துவிட்டு நின்று பரிமாறினேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

“இது நல்லா இருக்கப்பா. இன்னும் கொஞ்சம் போடும்.”

போட்டேன். ஓவனுக்காகக் கத்திய மச்சாளும் சோற்றுக் கோப்பையை நீட்டினார். எனக்கு மிஞ்சியது வால். ஒருவரும் தொடாத பாற்குழம்பு குசினியில் அப்படியே இருந்தது. வீணாகப் போகுமே என்று சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டினேன். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் முழுக்க இதே கூத்துத்தான். எனக்கென்று சமைத்த மீனைத் தின்று அவர்கள் ஆரோக்கியமானார்கள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் மகளாக இருக்கக்கூடிய வயது அந்தப் பிள்ளைக்கு.

“கொழுப்புக் கூடித்தான் இருக்கு, அம்மா. என்ன சாப்பிடுறனீங்கள்?”

“ஓவனில வச்ச மீன்தான், டொக்டர். நானேதான் செய்யிறனான்.”

“நல்லது. அந்த மீனில எந்தத் துண்டு சாப்பிடுறனீங்கள்?”

“வால்,” என்றேன். முதலில் வெட்கம், பிறகு ஆத்திரம். எங்கள் ஊர் கப்பல்துறைக்குப் பஸ் வந்து சேரும்வரை அந்த ஆத்திரம் அடங்கவில்லை. பாதி வீட்டுக்காரரில், பாதி என்னில். ஒருவரும் என்னைப் பிடித்துவைத்து வாயில் தீத்தவில்லை. சட்டியைத் துடைத்தது என் கைதான். என் உயிருக்கு என்று சமைத்ததைக்கூட எனக்கு எடுத்துவைக்கத் தெரியாத கை.

இறங்கின இடத்திலேயே இன்னொரு விளைமீன் வாங்கினேன். அன்று குழம்பு வைக்கவில்லை. பின்னேரம் ஆறரைக்கு மீனை மேசையில் வைத்தேன், கதிரையை இழுத்து முதல் ஆளாக நானே இருந்தேன். நடுத்துண்டை வயிற்றுப் பக்கத்தோடு சேர்த்து என் கோப்பையில் எடுத்துப் போட்டேன்.

மச்சாள் குசினி வாசலில் நின்றுவிட்டார். “ஆம்பிளை சாப்பிட முதல் குந்திச் சாப்பிடுறது எந்த ஊர்ப் பழக்கம்?”

“உயிரோட இருக்கிற பழக்கம், மச்சாள். வந்து இருங்கோ, ஆறப்போகுது.”

வீட்டுக்காரர் வந்தார். முதலில் தட்டத்தைப் பார்த்தார், பிறகு என் கோப்பையைப் பார்த்தார்.

“நடுத்துண்டு?”

“நான் எடுத்திட்டன். இனி ஒவ்வொரு நாளும் எனக்குத்தான்.”

அவர் கதிரையை இழுத்து இருந்தார். மச்சாள் முணுமுணுத்துக்கொண்டே தலைப்பக்கத்தை எடுத்தார். வீட்டுக்காரருக்கு வால்தான் மிஞ்சியது. சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தி, விரலால் ஒரு முள்ளை இழுத்தெடுத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“வாலில சரியான முள்ளப்பா.”

“ஓம், தெரியும்,” என்றேன். “முப்பது வருசம் திண்டனான்.”

அவர் அடுத்த முள்ளைத் தேடினார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.