வாயாடியின் வலைத்தளம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து சட்டத்தில் பொருத்துவதுதான் அவர் வேலை. முன்னால் நின்று வாடிக்கையாளர்களிடம் பேசச் சொல்லி முதலாளி இரண்டு முறை கூப்பிட்டும் அவர் போகவில்லை. அவருக்குத் திக்குவாய். 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டு கண்ணாடி என்று சொல்ல வராதது அவருக்கே சில நாள் சிரிப்பாக இருக்கும். அப்படிப்பட்டவரை ஆயிரத்துச் சொச்சம் பேர் வாயாடி என்றுதான் அழைத்தார்கள்.

அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் திக்குவாய் உள்ளவர்களுக்காக ஒரு பெரிய சமூக ஊடகத்தில் குழு தொடங்கியிருந்தார். வெளியாட்கள் நுழைந்து, திக்கித் திக்கிப் பேசி நடித்துக் காட்டும் காணொளிகளைப் போட்டுக் கெக்கலித்தார்கள். புகார் செய்து செய்து கை ஓய்ந்தது. கடைசியில், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒரு தளத்தைக் கட்டினார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுத வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும். அதற்கு ஒரே கேள்வி: 'உங்களுக்குத் திக்கும் சொல் எது?'

விதவிதமாகப் பதில் வந்தது. ஒருவர் 'ஹலோ' என்றார். இன்னொருவர், 'என் தெருவின் பெயர். அதனால் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, இறங்கித் திரும்பி நடக்கிறேன்' என்று எழுதினார். வெளியே வாய் திறக்காதவர்கள் உள்ளே வந்ததும் பொழிந்து தள்ளினார்கள். கேலி, கிண்டல், சண்டை, சமாதானம் எல்லாம் நடந்தது. டயர் கடை வைத்திருந்த ஒருவர் நத்தை என்ற பெயரில் எழுதினார். தளத்துக்கு அவர்தான் காவல். தினமும் காலையில் கடை திறக்கும் முன் விளம்பரக் குப்பைகளை நீக்கி வைத்துவிடுவார்.

பிறகு நேரில் சந்திக்கும் ஆசை வந்தது. உறுப்பினர் ஒருவருடைய அச்சகத்தின் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு முதல் கூட்டம் நடந்தது. பதினொரு பேர் வந்தார்கள். இருபது நிமிடம் ஒருவரும் பேசவில்லை. அவரவர் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். திடீரென்று பத்துக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. மூலை நாற்காலியில் இருந்த நத்தை தளத்தில் எழுதியிருந்தார்: 'யாராவது ஏதாவது பேசுங்களேன்யா.' சிரித்த சிரிப்பில் கீழே அச்சடித்துக்கொண்டிருந்தவர் மேலே ஏறி வந்து பார்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கூட்டம். ஒரே ஒரு விதிதான்: ஒருவர் திக்கும்போது மற்றவர் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. உறுப்பினர்கள் எல்லாருக்கும் வீட்டில் அந்தத் தொல்லை இருந்தது. வாயாடி 'கா' என்று ஆரம்பித்தாலே அவர் மனைவி காபியோடு வந்து நிற்பார். பாதி நாள் அவர் கேட்க வந்தது காலுறையாக இருக்கும்.

ஒன்பதாவது வருடம் மழைக்கால் என்ற பெயரில் ஒரு பெண் சேர்ந்தார். 'பேச்சு நிற்பது பெரிதல்ல. எதிரில் இருப்பவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாரே, அதுதான் தாங்கவில்லை' என்பது போல அவர் எழுதியவை புதிதாக வந்தவர்களுக்கு ஆறுதலாக இருந்தன. நத்தைக்கும் அவருக்கும் தனிச்செய்தியில் நல்ல பழக்கம். ஆனால் கூட்டத்துக்கு மட்டும் அவர் வந்ததே இல்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"வணக்கம். நான்தான் மழைக்கால். மருந்துக் கடையில வேலை பாக்கறேன். ரொம்ப நாளா வரணும்னு நினைச்சேன், தைரியம் வரல."

ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. நத்தையின் முகம் மலர்ந்தது. அவர் கேட்டு முடிக்க நேரமானது. "உ... உனக்குச் சரியாயிடுச்சாம்மா?"

"எனக்கு எப்பவுமே இல்லண்ணே. என் வீட்டுக்காரருக்குத்தான்."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். கல்யாணமாகிப் பத்து வருடம். கணவர் திக்குவாயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். "அவர்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். 'நான்'னு எழுத ஆரம்பிச்சிட்டேன். அப்புறம் திரும்பி வர வழி தெரியல. நீங்கல்லாம் என்னை நம்பறதைப் பாத்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

நத்தை எழுந்தார். எவரிடமும் சொல்லாத ஒன்றை அவர் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார், நம்மில் ஒருத்தி என்று நம்பி. சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் இப்போது கண்ணைத் தாழ்த்தாமல் காத்திருந்தார்.

"தி... திருட்டுத்தனம்" என்று முடித்துவிட்டு நத்தை படியிறங்கிப் போனார்.

சாயங்காலத்துக்குள் தளம் அமளிப்பட்டது. தொண்ணூறு பதிவுகள். முக்கால்வாசிப் பேர் மழைக்காலை நீக்கச் சொன்னார்கள். நத்தை வாயாடிக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார்: 'அவங்க இருந்தா நான் இல்ல.' வியாழக்கிழமை முடிவு சொல்வதாக வாயாடி அறிவித்தார்.

அந்தப் பெண்ணின் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். திக்கும் சொல் எது என்ற கேள்விக்கு இரண்டே சொற்கள்: 'என் பெயர்.' சொந்தப் பெயரைச் சொல்ல முடியாதவர்கள் தளத்தில் நிறையப் பேர் உண்டு. இவரும் அப்படி என்று எண்ணித்தான் சேர்த்திருந்தார். கணவருக்குத் திக்குவது மனைவியின் பெயர் என்பது இப்போதுதான் உறைத்தது. அந்தப் பதிலில் பொய் இல்லை.

மறுநாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நெடுநேரம் பிடித்தது. மனைவி ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"அவ பண்ணது தப்புதான்" என்றார் மனைவி. "ஆனா எனக்குப் புரியுது. நானும் தினம் படிக்கிறேன்ல."

"எ... எதை?"

"உங்க தளத்தைத்தான். ஆரம்பத்துலேர்ந்து. வெளியில நின்னபடியே."

"சொல்லவே இல்லியே?"

"உள்ள வர ஒரு கேள்வி வச்சிருக்கீங்க. எனக்குத் திக்கற சொல்லு ஒண்ணும் இல்ல. பொய் சொல்லணும், இல்லன்னா வாசல்ல நிக்கணும். நான் நின்னுட்டேன். அவ வந்துட்டா. அவ்வளவுதான்."

அவர் கேட்டார். "அப்படின்னா ஏன் இத்தனை வருஷமா எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தே?"

"திடீர்னு நிறுத்தினா, படிக்கிறேன்னு கண்டுபிடிச்சிடுவீங்களே!"

இருவரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து, மடிக்காத துணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முடிவை எழுதினார். மழைக்கால் முதலில் கணவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கணவர் எந்தப் பதிவை எடுக்கச் சொன்னாலும் எடுக்கப்படும். மிச்சப் பதிவுகளின் மேல், இது கூட வாழ்பவர் பார்த்து எழுதியது என்ற குறிப்பு இருக்கும். இனிமேல் வீட்டாரும் சேரலாம், வீட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு. 'வாசலில் அப்படி ஒரு கேள்வியை வைத்தது என் தப்பு' என்றும் ஒரு வரி சேர்த்தார்.

கணவர் இரண்டு நாள் பேசாமல் படித்தாராம். நான்கு பதிவுகளை எடுக்கச் சொன்னார். மற்றவை இருக்கட்டும் என்றார். சிலர் கோபித்துக்கொண்டு தளத்தை விட்டுப் போனார்கள். வாயாடியின் மனைவி சேர்ந்தார்.

நத்தை எதற்கும் பதில் எழுதவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. ஆனால் விளம்பரக் குப்பைகள் மட்டும் காலையில் நீக்கப்பட்டபடியே இருந்தன. வாயாடி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் கூட்டம் பாதி நடக்கும்போது நத்தை மாடியேறி வந்தார். மழைக்கால் எழுந்து நின்றார்.

"உ... உட்காரும்மா. நான் உன்கிட்ட சொன்னதை, இங்க எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

ஒரு பொருட்காட்சியில் அவருடைய நான்கு வயது மகள் தொலைந்துபோனாள். அறிவிப்புக் கூடத்துக்கு ஓடினார். குழந்தை பெயர் என்ன என்று ஒலிபெருக்கிக்காரர் கேட்டார். மகளின் பெயர் வரவில்லை. குடித்திருக்கிறார் என்று நினைத்து அவரை ஒதுக்கி நிறுத்தினார்கள். பேனா கேட்கவும் வாய் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து யாரோ ஒரு அம்மாள் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பெயரிலேயே இரண்டு நிமிடம் நின்றார். கூட்டத்தில் இருந்த இருபது பேரும் காத்திருந்தார்கள். பெயர் வந்தது.

"இதை உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?" என்று மழைக்காலைக் கேட்டார்.

"இல்லண்ணே. அது உங்களோடது."

"இனிமே சொல்லு. பரவால்ல."

மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவளுக்கும் இது தெரியாது. அந்த வாரமே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டதாக நத்தை தளத்தில் எழுதினார். அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை.