பயந்துவிட்டேன் என்றார்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் டீச்சராக இருந்தேன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குக் குழந்தை பிறந்தது. தையல் போடும்போது ரத்தத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே துணி வைத்தார்கள். அதை எடுக்காமலேயே என்னை நாயுடுபுரத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சில நாட்களில் காய்ச்சல் அனலாக அடித்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. நெஞ்சும் முதுகும் வெயிலில் வெந்ததுபோல் சிவந்துவிட்டன. அந்த மார்கழிக் குளிரில் வெயில் ஏது? எழுந்து நின்றால் கண் இருண்டது. தண்ணீர் கேட்டேன். மாமியார் இரண்டு மடக்கு கொடுத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"பச்ச ஒடம்பு. தண்ணி குடிச்சா வயிறு தொங்கிரும். பொறுத்துக்க."

அந்தத் தாகத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரசவம் பார்த்த டாக்டரை என் கணவர் அழைத்து வந்தார். டாக்டர் கட்டிலருகேகூட வரவில்லை. அறை வாசலில் நின்றபடியே, "பால் கட்டியிருக்கும். டீச்சர் கொஞ்சம் சென்சிட்டிவ்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நாடி பார்க்கவில்லை. பிரஷர் பார்க்கவில்லை.

மறுநாள் ஆயக்குடியிலிருந்து என் அக்கா வந்தாள். குழந்தையைப் பார்க்க வந்தவள், என் கையைத் தொட்டதும் என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கை சில்லுன்னு கெடக்கு, பேச்சு ஒளறுது. தம்பி, வெரசா டாக்ஸி பிடிங்க. மதுரைக்குப் போவோம்."

"டாக்டர் ஒண்ணுமில்லன்னாரேக்கா."

"அவரு சொல்லட்டும். காலையிலருந்து இவ ஒண்ணுக்குப் போனாளான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. மலைப்பாதை நெடுக அக்கா என் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தாள்.

மதுரையில் ஒரு பெண் டாக்டர் என்னைச் சோதித்து அந்தத் துணியை வெளியே எடுத்தார். அந்த நாற்றத்தில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது. "ஷாக்ல இருக்காங்க" என்றார் டாக்டர். என் கணவர் கேட்டார்: "எதப் பாத்துங்க பயந்தா?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. "பயம் இல்லைங்க. அந்தத் துணியில வளர்ந்த கிருமியோட விஷம் ரத்தத்துல கலந்திருக்கு. பிரஷர் விழுந்துபோச்சு. கிட்னிக்கும் மூளைக்கும் ரத்தம் போகல. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் பாக்க ஆள் இருந்திருக்காது."

இத்தனையும் என் கணவர் சொல்லிக் கேட்ட பிறகும், நான் வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "புள்ள எதையோ பாத்துப் பயந்துட்டா" என்றுதான் சொன்னார். வேப்பிலை அடிக்க ஆள்கூட வந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தாள்தாளாக உரிந்தது. பால் வற்றிவிட்டது. உரிந்த கையோடு, பிரசவம் பார்த்த அந்த டாக்டரிடம் போய் மேஜைமேல் கையை வைத்தேன்.

"நீங்க உள்ள விட்ட துணி செஞ்ச வேலை இது."

"உயிரோட இருக்கீங்கல்ல, சந்தோஷப்படுங்க" என்றார். மன்னிப்பு இல்லை. என் கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன்.

மறு வருஷம் என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை ஒருத்திக்கு அதே மருத்துவமனையில் பிரசவம். கூடப் போனேன். வைத்த துணியெல்லாம் வெளியே வந்ததா, காட்டுங்கள் என்றேன். நர்ஸ் முகம் சுளித்தாள். வெளியே எடுத்த துணிகளைத் தட்டோடு அவள் கொண்டுவந்து காட்டும்வரை நான் அந்தப் பிரசவ அறை வாசலைவிட்டு நகரவில்லை.