கருப்பணன் சொன்ன பொய்க்கு ஒரு வக்கீல்

முப்பது வருசமாகத் தென்னை மரம் ஏறியவர் கருப்பணன். ஒருநாளும் விழுந்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் விழுந்ததாக இருக்கிறது. எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

நாகல் நகரில் சைக்கிளில் போனவரைச் செழியன் ஓட்டிவந்த சரக்கு வண்டி இடித்து, வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செழியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணே, போலீசு கேசுன்னா எம் பொழப்பே போயிரும். மரத்துலருந்து விழுந்தேன்னு சொல்லிருங்க. செலவு பூரா என்னுது."

தேங்காய் வெட்டுகிற ஆள் சொன்னால் எவன் சந்தேகப்படுவான்? ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். செழியன் இரண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அப்புறம் போனை எடுக்கவில்லை.

மூன்று மாதமாகியும் முட்டி மடங்கவில்லை. மடங்காத முட்டியை வைத்துக்கொண்டு மரம் ஏற முடியாது. வேறு தொழிலும் தெரியாது. நஷ்டஈடு கேட்டே ஆகவேண்டும் என்று அவர் பெண்சாதி மூக்காயி கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வக்கீல் சீட்டை வாசித்துவிட்டு, "மரத்து மேலயா கேசு போடச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாமவர் சீட்டைப் பிரித்தே பார்க்கவில்லை. "சாட்சிக்கு ரெண்டு பேர நான் கொண்டாறேன். இதுல கையெழுத்துப் போடுங்க."

கருப்பணன் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் ஏறாத ஆள். "அந்த ரெண்டு பேரும் அன்னைக்கு அங்க நின்னாங்களா?" என்றார்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

கருப்பணன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏய்யா, மாடா புடிக்கப் போற, பல்லுப் பாத்துப் பாத்து வேணாங்குற?" என்று வாசலில் பிடித்துக்கொண்டாள் மூக்காயி.

மூன்றாவது ஆள் பாத்திமா என்கிற பெண் வக்கீல். மாடியில் சின்ன அறை. மடங்காத காலை இழுத்துக்கொண்டு படியேறுவதற்குள் கருப்பணனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பாத்திமா சீட்டை இரண்டு தடவை வாசித்தார். சிரிக்கவில்லை.

"எந்தத் தோப்புல விழுந்தீங்க? யாரு மரம்?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. "மரமே இல்லம்மா" என்று கருப்பணன் நடந்ததைக் கொட்டிவிட்டார்.

"ஆம்புலன்ஸ் எங்க வந்து தூக்குச்சு?"

"நாகல் நகர் ரோட்டுலதான்."

"நடுரோட்டுல தென்னை மரம் ஏது?" இப்போதுதான் பாத்திமா சிரித்தார். "தூக்குன எடத்தையும் நேரத்தையும் அவுங்க எழுதி வச்சிருப்பாங்க. அதை வாங்கப் பாப்போம்."

அதோடு கருப்பணன் ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கு எந்த ஆபீசில் இருக்கும்? கேட்டால் தருவார்களா? செழியன் இல்லவே இல்லை என்று சாதித்தால்? பாத்திமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். மரத்தைத் தட்டியபோது சரியான சத்தம் வந்த மாதிரி இருந்தது கருப்பணனுக்கு.

"இன்னைக்கே ஸ்டேசன்ல புகார் குடுக்கணும்" என்றார் பாத்திமா. "அப்புறம் கோர்ட்டுல, ஆஸ்பத்திரில சொன்னது பொய்யின்னு உங்க வாயால சொல்லணும். எதிர் வக்கீல் உங்களப் பிச்சு எடுத்துருவாரு. அப்பவும் கேசு தோக்கலாம்."

மூக்காயிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கருப்பணன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நான் அதச் சொல்றப்ப அந்தச் செழியன் பய எதுக்க நிப்பானா?"

"வரச் சொல்லி நோட்டீஸ் போகும்."

"அப்பச் சரி" என்றார் கருப்பணன். "பேனாவக் குடுங்க."