ஏழு மணிக்கு விழும் சர்வர்

காலை ஏழு மணிக்கு அது விழும். மழையோ வெயிலோ அதற்கு ஒன்றுதான். ஒரு வாரமாகப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு, கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் எங்கள் லோரி கம்பெனியின் சர்வரை எழுப்பிக்கொண்டிருந்தேன். எழுப்புவேன், விழும். எழுப்புவேன், விழும். சனியன்.

ஏழு மணிக்குத்தான் அன்றைய லோரி டிரிப்புகள் டிரைவர்களின் கைப்பேசி ஆப்பில் திறக்கும். முதலில் தொட்டவருக்கு டிரிப், யாருக்கும் சலுகை கிடையாது. அப்படி எழுதியவன் நானேதான்.

செவ்வாய்க்கிழமையும் விழுந்தது. காப்பாரிலிருந்து வரும் டிரைவர் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு. எனக்குப் போர்ட்டு டிரிப் கெடச்சாவணும். ஒரு மணிக்கு வீட்டுக்காரிய டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விடணும்."

துறைமுகம் பக்கம். போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். தூரத்து ஈப்போ டிரிப் கிடைத்தால் அன்றைய பொழுதே போய்விடும்.

சர்வர் எழுந்ததும் அவருக்கே அந்த டிரிப் கிடைத்தது. சர்வரின் பதிவுகளைப் புரட்டினேன். ஒரே கேள்வி, மூச்சு விடாமல்: போர்ட்டு டிரிப் இருக்கா, இருக்கா, இருக்கா. பாதிக்கு மேல் அவருடைய கைப்பேசியிலிருந்து. மேரு போய்ச் சேர்ந்ததும் லோரி நிற்குமிடத்துக்கு ஓடினேன். ஸ்டியரிங் பக்கத்தில் அவர் கைப்பேசி, டிரிப் கிடைத்த பிறகும், தானாகவே திரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்கென்று ஓர் ஆப் இருக்கிறதாம்.

"அண்ணே, நீங்க தட்டித் தட்டித்தான் அது விழுது!"

"விழுந்தா எந்திரிக்குமில்ல? எந்திரிக்கும்போது முன்னால நிக்க வேணாமா? நம்ம ஆளுங்க நாலு பேருக்கும் போட்டுக் குடுத்திருக்கேன் லா."

தலையில் அடித்துக்கொண்டேன். தப்பு என்மேலும்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் ஆரம்ப நாளிலிருந்து ஓடிய எல்லா டிரிப்பையும் தேடச் சொல்லி எழுதி வைத்திருந்தேனே. அன்றைய டிரிப்பை மட்டும் தேடும்படி மாற்றினேன். ஒரு கைப்பேசி விடாமல் கேட்டால் சற்று நேரம் பதில் சொல்லாதே என்றும் போட்டேன்.

வியாழக்கிழமை சர்வர் கல்லு போல நின்றது. அண்ணனுக்கு ஈப்போ. அன்றைக்கும் டயாலிசிஸ்.

ஆபீஸில் டிரிப் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் போனேன். "ஆப் வர்றதுக்கு முன்னாடி அவருக்குன்னு நானே எடுத்து வச்சிருவேன். நீதானே எல்லாரும் சமம்னு சொன்னே?" என்றார், தலை நிமிராமல். "போர்ட்டு எடுத்தவன் அந்தா ரொட்டி தின்னுக்கிட்டிருக்கான். போயி கேளு."

கேட்டேன். கெஞ்சினேன். "எனக்கு ஈப்போவா பாஸ்?" என்று முறைத்துவிட்டுத்தான் சம்மதித்தார். டிரிப் மாற்ற ஆப்பில் வழி இல்லை. யாரும் கை வைக்கக்கூடாது என்று நான் எல்லாரிடமும் கத்தியிருந்த டேட்டாபேஸில் நானே கை வைத்து இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன்.

அண்ணன் லோரியைக் கிளப்பிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமையும் இருக்கே, தம்பி?"

"எடுத்து வைக்கிறேன், போங்கண்ணே!" என்று எரிந்து விழுந்தேன். உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, யார் யாருக்கு என்றைக்கு எது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன்.